தார்ப்பாய் ஏன் ஒழுகுது? மெஷினுக்குள் இருக்கும் சின்ன சல்லடையும் ஒரு காரணம்!

அக்டோபர் வந்தால் தஞ்சாவூர் பக்கம் ஒரே பரபரப்புதான். குறுவை அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல் குவிந்து கிடக்கும். அதே நேரம் பார்த்து வடகிழக்குப் பருவமழையும் தொடங்கும். அரசுக் கொள்முதலுக்கு வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அதைத் தாண்டினால் நெல்லை மறுபடி காயவைக்கணும், காத்திருக்கணும். மழைக்கும் நெல்லுக்கும் நடுவே இருப்பது ஒரு தார்ப்பாய்தான். அதுவே ஒழுகினால்?

வெயில், எலி, இழுத்துக் கட்டுவது என காரணங்கள் பல. ஆனால், சில ஓட்டைகள் ஆலையிலேயே உருவாகின்றன. எப்படி?

முறுக்கு அச்சு மாதிரிதான்!

தார்ப்பாய், மோட்டார் ஹோஸ், தண்ணீர் பைப் எல்லாமே ‘எக்ஸ்ட்ரூடர்’ என்ற மெஷினில் தயாராகின்றன. முறுக்கு அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் குருணையை உருக்கி, ஒரு திருகு முன்னோக்கித் தள்ளும். முனையில் இருக்கும் அச்சு (டை) வழியாக அது பைப்பாகவோ, ஷீட்டாகவோ வெளியே வரும். டைக்குச் சற்று முன்னால், பல துளைகள் கொண்ட தடிமனான இரும்புத் தட்டு ஒன்று இருக்கும். அதன் பெயர் பிரேக்கர் பிளேட். அதன்மேல் அடுக்கி வைக்கும் கம்பி வலைகள்தான் ஸ்கிரீன். மண், காகிதத் துணுக்கு, கருகிய பிளாஸ்டிக் எல்லாம் இங்கேதான் மாட்டும்.

தார்ப்பாய் நெய்யும் நாடாவின் தடிமன் பொதுவாக 100 மைக்ரானுக்கும் குறைவு. அதில் 250 மைக்ரான் மண் துகள் ஒன்று சிக்கினால், நாடா அந்த இடத்தில் அறும். மேலே பூசும் மெல்லிய படலத்தில் சிக்கினால், அங்கே ஊசித்துளை விழும்.

மெஷ் நம்பர் சொல்வது என்ன?

ஒரு அங்குல நீளத்தில் எத்தனை கண்கள் என்பதுதான் மெஷ் எண். எண் கூடக்கூட கண் சிறிதாகும். 20 மெஷ் என்றால் கண் சுமார் 840 மைக்ரான், 60 மெஷ் 250, 100 மெஷ் 150.

‘அப்போ 100 மெஷ் போட்டால் பிரச்னை முடிஞ்சுதே’ என்று தோன்றலாம். முடியாது. சன்னமான வலை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். சூடும் அழுத்தமும் ஏறும். அதனால் 20-60-20 மாதிரி அடுக்குவார்கள். முதல் வலை பெரிய குப்பையைப் பிடிக்கும், நடு வலை சன்னமாக வடிகட்டும், கடைசி வலை அது கிழியாமல் தாங்கும்.

காயலான் கடை வழியாக வரும் பழைய பிளாஸ்டிக்கில் மண் அதிகம். அதை நன்றாகக் கழுவி, குருணையாக்கும்போது ஒருமுறையும், பொருளாக்கும்போது மறுமுறையும் வடிகட்டுவது நல்லது. பிவிசி மட்டும் விதிவிலக்கு. சூடு தாங்காமல் கருகும் என்பதால், அதற்கு சன்ன வலை ஒத்துவராது.

எப்போ மாற்றணும்?

ஸ்கிரீனுக்கு முன்னால் இருக்கும் பிரஷர் மீட்டரைப் பார்த்தால் தெரியும். புது வலை போட்டதும் காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளணும். அது மெதுவாக ஏறி, மெஷினுக்கு வகுத்த வரம்பை நெருங்கும்போது மாற்றிவிடணும்.

ஏறிக்கொண்டிருந்த பிரஷர் திடீரென இறங்கினால்? ‘அப்பாடா’ என்று விடக்கூடாது. வலை கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் அதுவரை பிடித்துவைத்த குப்பை மொத்தமும் பொருளுக்குள் போயிருக்கும். உடனே நிறுத்தி, அந்த நேரத்தில் வந்த சரக்கைத் தனியாக ஒதுக்குவதுதான் சரி.

கை முக்கியம் பாஸ்!

பாலிஎத்திலீன் சுமார் 200 டிகிரி செல்சியஸில் உருகி ஓடும். அழுத்தம் இறங்காமல் திறந்தால் பீய்ச்சி அடிக்கும். தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும். எனவே திருகை நிறுத்தி, மீட்டர் பூஜ்ஜியத்துக்கு வந்த பிறகே திறக்கணும். டைக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. வெப்பம் தாங்கும் கையுறையும் முகக் கவசமும் கட்டாயம். பிளேட்டைச் சுரண்ட பித்தளைக் கருவி போதும், இரும்பு கீறிவிடும்.

பழைய வலையை வெட்டவெளியில் எரித்துவிட்டு மறுபடி போடுவது இரட்டை நஷ்டம். சூட்டில் கம்பி பலம் இழக்கும். புகை ஊரைக் கெடுக்கும். திறந்தவெளியில் குப்பை எரிக்க தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே நாடு முழுக்கத் தடை விதித்துவிட்டது.

வாங்கும்போது கவனிங்க

தார்ப்பாயை விரித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளையில் வெளிச்சம் தெரியும். ஹோஸ் என்றால் உள்ளும் புறமும் விரலால் தடவுங்கள். பொரிப்பொரியாகத் தட்டுப்பட்டால் வடிகட்டல் சரியில்லை என்று சந்தேகப்படலாம். பாலிஎத்திலீன் தார்ப்பாய்க்கு இந்தியத் தர எண் ஐ.எஸ். 7903. பில் போடும் முன் அந்த எண் இருக்கிறதா என்று கேளுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய தார்ப்பாய், ஒரு மழையில் நெல்லின் ஈரத்தை 17-க்கு மேல் ஏற்றிவிட்டால் மிச்சம் பிடித்த காசு எங்கே போச்சு என்று தேட வேண்டியதுதான்.