சிறுநீர் வழி முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய் கண்டறிதல்

முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய்க்கான மரபணுச் சிறுநீர்ச் சோதனை என்பது, புரோஸ்டேட் எனப்படும் முன்னிற்கும் சுரப்பியிலிருந்து சிறுநீரில் கலக்கும் ஆர்.என்.ஏ மூலக்கூறுகளை அளந்து, ஒருவருக்குப் புற்றுநோய் இருப்பதற்கான வாய்ப்பை மதிப்பிடும் முறையாகும். இது திசுப் பரிசோதனைக்கு மாற்று அன்று. அது யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று முடிவு செய்ய உதவும் சோதனையாகும்.

பின்னணி

இச்சுரப்பி ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சூழ்ந்து அமைந்துள்ளது. சுரப்பி உருவாக்கும் பி.எஸ்.ஏ என்னும் புரதத்தின் அளவை இரத்தத்தில் காண்பதே பரவலாக வழங்கும் சோதனை. ஒரு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்பது நெடுங்காலமாக எல்லையாகக் கொள்ளப்பட்டது. ஆனால் இப்புரதம் புற்றுநோய்க்கே உரியது அன்று. வயது முதிர்வால் சுரப்பி பெருத்தாலும், அதில் அழற்சி ஏற்பட்டாலும் இதன் அளவு உயரும். மறுபுறம், அளவு 4-ஐத் தாண்டாத 2,950 பேரிடம் திசுப் பரிசோதனை செய்து 2004-இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வில், 15.2 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் காணப்பட்டது.

திசுப் பரிசோதனையில் ஊசி கொண்டு பல இடங்களில் மாதிரி எடுக்கப்படும். இதனால் வலி, இரத்தக்கசிவு, நோய்த்தொற்று ஆகியன நேரலாம். சிறிய கட்டி ஊசியில் அகப்படாமலும் போகலாம். எனவே முதல் பரிசோதனையில் புற்றுநோய் காணப்படாத ஒருவருக்கு பி.எஸ்.ஏ தொடர்ந்து உயர்ந்திருந்தால், மீண்டும் ஊசியிடுவதா என்ற கேள்வி எழுகிறது.

பி.சி.ஏ.3

பி.சி.ஏ.3 என்பது 9-ஆம் நிறப்புரியில் உள்ள மரபணு ஆகும். இதன் ஆர்.என்.ஏ எந்தப் புரதத்தையும் உருவாக்குவதில்லை. நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் 1999-இல் டி.டி.3 என்ற பெயரில் இதனை விவரித்தனர். அவர்கள் ஆய்ந்த 56 புற்றுக்கட்டிகளில் 53-இல் இதன் வெளிப்பாடு மிகுந்திருந்தது. சுரப்பி வெறுமனே பெருப்பதால் இது அவ்வாறு உயர்வதில்லை.

சோதனைக்கு முன் மருத்துவர் மலக்குடல் வழியாகச் சுரப்பியை விரலால் அழுத்துவார். அப்போது சுரப்பியின் உயிரணுக்கள் சிறுநீர்க்குழாயில் சேரும். அடுத்துக் கழிக்கும் சிறுநீரின் முதற்பகுதி சேகரிக்கப்படும். ஆர்.என்.ஏ விரைவில் சிதைவதால், அதனைக் காக்கும் கரைசலுடன் மாதிரி கலக்கப்படும்.

மாதிரிக்கு மாதிரி உயிரணுக்களின் எண்ணிக்கை வேறுபடும் என்பதால், பி.சி.ஏ.3 அளவு மட்டும் பொருள் தராது. ஆகவே பி.எஸ்.ஏ மரபணுவின் ஆர்.என்.ஏ-யும் அளக்கப்பட்டு, இரண்டின் விகிதம் 1000-ஆல் பெருக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு மாதிரியில் 4,000-க்கு 1,00,000, மற்றொன்றில் 1,000-க்கு 25,000 என்று இருந்தாலும் இரண்டின் மதிப்பெண்ணும் 40 ஆகும்.

2012-இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் இச்சோதனைக்கு ஒப்புதல் அளித்தது. 50 வயதைக் கடந்து, முன்னர் ஒரு முறையேனும் திசுப் பரிசோதனையில் புற்றுநோய் காணப்படாதவர்களுக்கே அவ்வொப்புதல். மதிப்பெண் 25-க்குக் குறைவாயின் மறுபரிசோதனையில் புற்றுநோய் காணப்படும் வாய்ப்பு குறைவு.

மரபணு இணைவு

மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் மற்றொரு குறிகாட்டியைக் கண்டறிந்தனர். 21-ஆம் நிறப்புரியிலுள்ள டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2, ஈ.ஆர்.ஜி என்னும் இரு மரபணுக்கள் சில கட்டிகளில் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. முதல் மரபணு ஆண் இயக்குநீரால் தூண்டப்படுவது. இணைவுக்குப் பின் அத்தூண்டல் ஈ.ஆர்.ஜி-யையும் இயக்குகிறது. ஐரோப்பிய வழியினரின் கட்டிகளில் ஏறத்தாழ பாதியில் இது காணப்படுகிறது. சீன, சப்பானிய நோயாளிகளிடம் குறைவு. ஆகவே இது இல்லை என்பதால் புற்றுநோய் இல்லை எனக் கொள்ள இயலாது.

வரம்புகளும் வளர்ச்சியும்

மெதுவாக வளரும் பல கட்டிகள் உயிருக்குத் தீங்கு செய்வதில்லை. அவற்றைக் கண்டுபிடித்துச் சிகிச்சையளிப்பதே சிலருக்குத் துன்பமாகலாம். பி.சி.ஏ.3 மதிப்பெண் கட்டியின் தீவிரத்தைத் தெளிவாகக் காட்டுவதில்லை என்பது இதன் முக்கியக் குறை. எனவே பின்வந்த சோதனைகள் தீவிரமான புற்றுநோயைப் பிரித்தறிய முயல்கின்றன. அவற்றுள் ஒன்று, விரல் பரிசோதனையின்றியே சிறுநீரிலுள்ள நுண்பைகளின் ஆர்.என்.ஏ-யை அளக்கிறது. 18 மரபணுக்களைக் கொண்ட மற்றொன்றின் ஆய்வு முடிவுகள் 2024-இல் வெளியாயின.

எந்த மதிப்பெண்ணும் தனித்து நோயை உறுதி செய்வதில்லை. வயது, குடும்ப வரலாறு, பி.எஸ்.ஏ அளவு, காந்த அதிர்வுப் படம் ஆகியவற்றுடன் சேர்த்தே மருத்துவர் அதற்குப் பொருள் காண்பார். நோயை உறுதி செய்வது திசுப் பரிசோதனையே.