ஒலியின் மேடும் பள்ளமும்

தாலாட்டை உரத்த குரலில் பாடினால் குழந்தை உறங்காது. போர் முரசை மெல்லத் தட்டினால் வீரன் எழமாட்டான். ஒலி எப்பொழுது மெலிய வேண்டும், எப்பொழுது வலுக்க வேண்டும் என்பதும் இசையின் இலக்கணத்தைச் சேர்ந்ததே. சுரமும் தாளமும் பிழையின்றி அமைந்திருப்பினும், இந்த ஏற்ற இறக்கம் நீங்கிவிட்டால் பாட்டின் உயிரில் ஒரு பகுதி நீங்கிவிடுகிறது. ஒலிப்பதிவுக் கலை மிகவும் முன்னேறிய காலத்திலேதான், மேலைநாட்டு இசைத்தட்டுத் தொழிலில் இந்த ஏற்ற இறக்கம் வேண்டுமென்றே குறைக்கப்பட்டது. ‘உரப்புப் போர்’ என்று பெயர் பெற்ற அந்த விந்தையான போட்டியைப் பற்றி உங்களுக்கு இன்று விளக்க விரும்புகிறேன்.

முதலில் அளவையை அறிந்துகொள்வோம். ஒலியின் வலிமையை டெசிபல் என்னும் அலகால் ஒப்பிடுகிறோம். ஒலியின் ஆற்றல் பத்து மடங்கானால் 10 டெசிபல் ஏறும். நூறு மடங்கானால் 20 டெசிபல் ஏறும். ஓர் இசைப் பதிவில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக வலிய ஒலிக்கும் உள்ள இடைவெளியையே அதன் ஒலி வீச்சு என்கிறோம். 1982-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க் என்னும் குறுந்தகடு, ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சைத் தாங்க வல்லது. சருகு அசைவது போன்ற ஓசை முதல் பெரிய வாத்தியக் குழுவின் முழக்கம் வரை அதில் அடக்கிவிடலாம்.

இனி, இந்த வீச்சைச் சுருக்கும் கருவிக்கு வருவோம். அதற்குக் கம்ப்ரெஸர் என்று பெயர். அது வேலை செய்யும் முறையை நான் வகுப்பறைக் கணக்கு ஒன்றால் விளக்குகிறேன். நான்கு மாணவர்கள் 20, 60, 90, 100 என்று மதிப்பெண் பெற்றிருப்பதாகக் கொள்வோம். அறுபதுக்கு மேற்பட்ட பகுதியில் பாதியே கணக்கில் சேரும் என்று ஆசிரியர் விதி செய்கிறார். இப்பொழுது அவை 20, 60, 75, 80 ஆகின்றன. பிறகு, முதல் மாணவன் மீண்டும் நூறு பெறும்படி எல்லோருக்கும் இருபது கூட்டுகிறார். 40, 80, 95, 100 ஆகின்றன. உச்சம் உயரவில்லை, ஆயினும் வகுப்பின் சராசரி உயர்ந்துவிட்டது. கம்ப்ரெஸர் செய்வதும் இதுவே. பதிவின் உச்ச ஒலி ஏறாமலே, பாட்டு முழுவதும் உரத்துக் கேட்கிறது.

இதனினும் கடுமையானது லிமிட்டர் என்னும் வரம்புக் கருவி. அறுபதுக்கு மேல் எவர் பெற்றாலும் அறுபதுதான் என்று விதித்து, பின் எல்லோருக்கும் நாற்பது கூட்டினால் என்ன ஆகும்? 60, 100, 100, 100 என்று வரும். சராசரி மிக அழகாக இருக்கிறது. ஆனால் அறுபது பெற்றவனையும் நூறு பெற்றவனையும் வேறு பிரித்தறிய வழியில்லை. மதிப்பெண் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு விடைத்தாள்களை எரித்துவிட்டால், பழைய வேற்றுமையை எவராலும் மீட்க இயலாது. இக்கருத்தை நினைவில் வையுங்கள்.

கருவியைக் குறை சொல்லுகிறேன் என்று எண்ண வேண்டா. பாடகர் ஒலிவாங்கியை நெருங்கும்பொழுதும் விலகும்பொழுதும் நேரும் திடீர் மாற்றத்தை அது சீர் செய்கிறது. இரைச்சல் மிகுந்த பேருந்தில் கேட்பவர்க்கு மெல்லிய சொற்களும் எட்டும்படி செய்கிறது. வானொலி நிலையங்களும் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவது வழக்கம். உப்பு சுவை தரும், உப்பே உணவாகிவிடக்கூடாது.

அப்படியானால் அளவு மீறியது ஏன்? காரணம் நம் செவியிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். ஒலி மெலிந்திருக்கும்பொழுது கீழ்ச்சுர ஒலிகளை நம் செவி குறைவாகவே உணர்கிறது என்றும், ஒலி வலுக்க வலுக்க அக்குறை நீங்குகிறது என்றும் அது காட்டிற்று. ஆகவே ஒரே பாட்டைச் சற்று உரக்க வாசித்தால், அது நிறைவாகவும் தெளிவாகவும் இருப்பதுபோலத் தோன்றுகிறது. அடுத்தடுத்துக் கேட்கும் இரண்டு பதிவுகளுள் உரத்ததே சிறந்தது என்று மனம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறது. எனவே, தம் பாட்டு பிறர் பாட்டைக் காட்டிலும் தாழ்ந்து ஒலிக்கக்கூடாது என்று ஒவ்வொரு வெளியீட்டாளரும் விரும்பினர்.

பழைய இசைத்தட்டுக் காலத்திலும் இந்த ஆசை இருந்தது. ஆனால் அன்று இயற்கையே ஒரு வேலி இட்டிருந்தது. ஒலி வலுத்தால் தட்டின் வரிப்பள்ளம் அகலமாக வளைய வேண்டும். அப்பொழுது தட்டில் அடங்கும் நேரம் குறையும். எல்லை மீறினால் ஊசி பள்ளத்தை விட்டுத் துள்ளிவிடும். குறுந்தகட்டில் ஊசியும் இல்லை, பள்ளத்தின் அகலம் பற்றிய கவலையும் இல்லை. அதில் ஒலி விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. உச்சிப் படிக்கு மேல் செல்ல இயலாது. எனவே மேலே இடமில்லாத நிலையில், கீழே இருந்தவற்றையெல்லாம் உச்சிக்கு அருகே தள்ளத் தொடங்கினர். 1990-களில் பரவிய கணினி லிமிட்டர்கள் இவ்வேலையை மிக எளிதாக்கின. அப்படியும் நிறைவடையாதவர்கள் அலையின் தலையையே தட்டையாக வெட்டிவிட்டனர். வெட்டுண்ட அலையில், இசைவாணர் எழுப்பாத கரகரப்பான புதிய ஒலிகள் பிறக்கின்றன.

இதற்குச் சான்றுகள் பல. அமெரிக்காவின் மெட்டாலிக்கா குழுவினர் 2008-ஆம் ஆண்டில் ‘டெத் மேக்னடிக்’ என்னும் தொகுப்பை வெளியிட்டனர். அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ என்னும் கணினி விளையாட்டிலும் இடம் பெற்றன. விளையாட்டில் வந்த பதிப்பு அத்துணை அமுக்கப்படவில்லை. இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்ட இரசிகர்கள், விலை கொடுத்து வாங்கிய தகட்டைவிட விளையாட்டின் பதிப்பே தெளிவாக இருப்பதைக் கண்டனர். ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டு, தொகுப்பைத் திருத்தி வெளியிட வேண்டினர். கனடாவின் ரஷ் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ‘வேப்பர் டிரெயில்ஸ்’ தொகுப்பும் இவ்வாறே பழிக்கப்பட்டது. மூலப் பதிவுகள் தனித்தனியே இருந்தமையால், 2013-இல் அதை மீண்டும் கலந்து புதிதாக வெளியிட்டனர். விடைத்தாள்கள் எரிக்கப்படாமல் இருந்தன என்று சொல்லலாம். மூலப் பதிவு அழிந்துபோன பாடல்களுக்கு இந்த நற்பேறு இல்லை. வருங்காலத்தார் நம் காலத்து இசையை அறியப்போவது நாம் விட்டுச் செல்லும் பதிவுகளைக் கொண்டே அன்றோ?

கேட்பவர்க்கும் இதனால் துன்பம் உண்டு. புத்தகத்தின் எல்லா வரிகளையும் அடிக்கோடிட்ட மாணவனை நான் பல முறை கண்டிருக்கிறேன். அவன் ஒன்றையும் அடிக்கோடிடவில்லை என்பதே பொருள். இடைவிடாது உச்சத்தில் நிற்கும் இசையும் அத்தகையதே. முரசின் அடி தனித்துத் தெரிவதில்லை. பல்லவி மீண்டும் எழும்பொழுது உள்ளம் எழுவதில்லை. சிறிது நேரத்தில் செவி களைத்துப் போகிறது.

பரிகாரம் என்ன? உச்சத்தை அளப்பதை விடுத்து, செவி உணரும் உரப்பை அளப்பதே பரிகாரம். உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் அதற்கொரு முறையை வகுத்தது. 2010-இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் அதை மேற்கொண்டு, நிகழ்ச்சிகளின் சராசரி உரப்பு உச்சிக்கு 23 அலகு கீழே நிற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அமெரிக்காவில் தொலைக்காட்சி விளம்பரங்கள் நிகழ்ச்சிகளைவிட உரத்து ஒலிப்பதைத் தடுக்க 2010-இல் சட்டம் செய்யப்பட்டு, 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இணையவழி இசை நிறுவனங்களும் பாடல்களை ஒரே உரப்புக்குக் கொணர்கின்றன. ஸ்பாட்டிபை நிறுவனத்தின் வழக்கமான அளவு உச்சிக்கு 14 அலகு கீழே. அளவு மீறி உரத்த பாட்டு அங்கே தானே தாழ்த்தப்படுகிறது. தன் வீச்சை இழந்து அது பெற்ற ஊதியம் ஒன்றுமில்லை.

மாணவர்களே, இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே பாட்டின் பழைய பதிப்பையும் பின்னர் வந்த மறுபதிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒலிப் பொத்தானைத் தொடாமல் இரண்டையும் கேளுங்கள். பிறகு, உரத்த பதிப்பைக் குறைத்து, இரண்டும் செவிக்குச் சமமாக ஒலிக்கும்படி செய்துகொண்டு மறுபடியும் கேளுங்கள். முரசடி எதில் கூர்மையாக இருக்கிறது? பாடகர் மூச்செடுக்கும் இடம் எதில் தெரிகிறது? நீங்கள் முதலில் சொன்ன தீர்ப்பும் பின்னர் சொல்லும் தீர்ப்பும் ஒன்றுதானா என்று குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள். அளவு சமமான பின்னரே தரத்தை ஒப்பிட வேண்டும் என்பது அறிவியலின் முதற் பாடம். அதைக் கற்பதற்கு ஒரு பாட்டே போதும்.