சைக்கிளில் பிறந்த நாற்காலி!

வளைத்த இரும்புக் குழாயில் செய்த நாற்காலி. உட்காரும் இடத்தில் துணியோ, தோலோ இழுத்துக் கட்டியிருக்கும். ஒரு கையால் தூக்கி விடலாம்.

இப்படி ஒரு நாற்காலியில் நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள். டாக்டருக்காகக் காத்திருந்தபோது உட்கார்ந்திருக்கலாம். ஏதாவது ஆபீசில் உட்கார்ந்திருக்கலாம்.

இந்த யோசனை ஒரு வாலிபருக்குத் தோன்றியது. அவருக்கு அப்போது வயது 23. பெயர் மார்செல் பிராயர். ஹங்கேரி நாட்டில் பிறந்தவர். ஜெர்மனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தச்சுப் பட்டறையைக் கவனித்து வந்தார்.

1925-ம் ஆண்டு அவர் ஒரு சைக்கிள் வாங்கினார். அதன் கைப்பிடியைப் பார்த்தார். "இரும்புக் குழாயை இப்படி வளைக்க முடியும் என்றால், இதில் ஏன் நாற்காலி செய்யக்கூடாது?" என்று நினைத்தார். குழாய் வேலை செய்யும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு செய்தும் விட்டார்!

அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர் பௌஹவுஸ்.

போர் முடிந்ததும்...

முதல் உலகப்போரில் ஜெர்மனி தோற்றது. நாடு சின்னாபின்னம் ஆயிற்று. போர்முனையில் காயம் பட்டுத் திரும்பியவர்களில் வால்ட்டர் குரோப்பியஸ் ஒருவர். கட்டடக் கலைஞர். அவர் 1919-ல் வைமார் நகரில் இந்தப் பள்ளியைத் தொடங்கினார்.

"ஓவியன் வேறு, தச்சன் வேறு என்று ஏன் பிரிக்க வேண்டும்?" இதுதான் அவருடைய கேள்வி. பாத்திரம் செய்கிறவனுக்கும் கலை தெரிய வேண்டும். படம் எழுதுகிறவனுக்கும் உளி பிடிக்கத் தெரிய வேண்டும்.

பெரிய ஓவியர்களை அவர் ஆசிரியர்களாக அழைத்து வந்தார். ரஷ்யாவில் பிறந்த காண்டின்ஸ்கி வந்தார். பால் கிளே வந்தார். இன்று இவர்களுடைய படங்கள் கோடிக்கணக்கில் விலை போகின்றன.

முதல் வகுப்பை நடத்தியவர் யோஹன்னஸ் இட்டன். இவர் ஒரு விசித்திரமான ஆசாமி! மொட்டைத் தலை. நீண்ட அங்கி. பாடம் தொடங்குமுன் மாணவர்கள் மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும். சாப்பாட்டில் பூண்டு நிறையச் சேர்க்க வேண்டும். பள்ளிக்கூடமே பூண்டு வாடை அடித்ததாம்!

ஆனால் அவர் சொல்லிக்கொடுத்த முறை அருமையானது. படத்தைப் பார்த்துப் படம் எழுதச் சொல்லமாட்டார். மரம், கம்பளி, கம்பி, காகிதம் இவற்றைக் கையில் கொடுப்பார். தொட்டுப் பார், வெட்டிப் பார், ஒட்டிப் பார் என்பார்.

1922-ல் இந்தப் பள்ளியின் ஓவியங்கள் நம் நாட்டுக்கும் வந்தன. கல்கத்தாவில் நடந்த கண்காட்சியில் வைக்கப்பட்டன. சாந்தி நிகேதனில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் என்ற பெண்மணி இட்டனுக்குக் கடிதம் எழுதி வரவழைத்தார்.

பத்து லட்சத்துக்கு ஒரு நோட்டு

அந்தக் காலத்தில் ஜெர்மனியில் பணத்துக்கு மதிப்பே இல்லை. 1923 நவம்பரில் ஒரு அமெரிக்க டாலருக்கு 4,20,000 கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது! பத்து லட்சம் மார்க் நோட்டு அவசரமாகத் தேவைப்பட்டது. அதற்குப் படம் வரைந்து கொடுத்தவர் ஹெர்பர்ட் பேயர் என்ற பௌஹவுஸ் மாணவர்.

பெண்கள் எங்கே போனார்கள்?

"ஆண், பெண் பேதம் இல்லை" என்று குரோப்பியஸ் தொடக்கத்திலேயே சொன்னார். பெண்கள் நம்பினார்கள். 1919-ல் ஆண்களை விடப் பெண்களே அதிகமாகச் சேர்ந்தார்கள். 79 ஆண்கள், 84 பெண்கள்!

குரோப்பியஸ் பயந்து போனார். பெண்கள் இத்தனை பேர் இருந்தால் பள்ளிக்கு மதிப்பு இராது என்று நினைத்தார் போலும். வந்தவர்களில் பெரும்பாலோரை நெசவுப் பட்டறைக்குத் தள்ளினார்கள். சொன்னது ஒன்று, செய்தது ஒன்று.

ஆனி என்ற பெண் கண்ணாடி வேலை கற்க ஆசைப்பட்டார். கிடைக்கவில்லை. வேண்டா வெறுப்பாகத் தறியில் உட்கார்ந்தார். பிற்காலத்தில் ஆனி ஆல்பர்ஸ் என்று உலகப்புகழ் பெற்றார். 1949-ல் நியூயார்க் நவீன கலை மியூசியம் அவருடைய துணிகளை மட்டும் வைத்துத் தனிக் கண்காட்சி நடத்தியது. ஒரு நெசவுக் கலைஞருக்கு அங்கே அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

மரியான் பிராண்ட் என்ற பெண் உலோகப் பட்டறைக்குள் நுழைந்து விட்டார். ஆண்களுக்கு அது பிடிக்கவில்லை. சலிப்பூட்டும் வேலையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். சின்னச் சின்ன அரைக்கோளங்களை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார்!

1924-ல் அவர் ஒரு டீப் பாத்திரம் செய்தார். உயரம் சுமார் 3 அங்குலம்தான். டிகாக்‌ஷனுக்கு மட்டும் அந்தப் பாத்திரம். கோப்பையில் ஊற்றி, மேலே வெந்நீர் சேர்த்துக்கொள்ள வேண்டும். அத்தகைய பாத்திரம் ஒன்று 2007-ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. போன விலை 3 லட்சத்து 61 ஆயிரம் டாலர்!

நான்கே ஆண்டுகளில், 1928-ல், அதே பட்டறைக்கு அவரே பொறுப்பாளர் ஆனார்.

போலீஸ் வந்தது

பள்ளி ஒரே இடத்தில் நிலைக்கவில்லை. வைமாரில் எதிர்ப்பு வலுத்தது. 1925-ல் டெஸ்ஸாவ் நகருக்குப் போனார்கள். அங்கே குரோப்பியஸ் கண்ணாடிச் சுவர் வைத்த புதுக் கட்டடம் கட்டினார். அது இன்றும் இருக்கிறது. 1932-ல் நகரசபையில் நாஜிகளின் கை ஓங்கியது. பள்ளியை மூடினார்கள். பெர்லினில் ஒரு பழைய டெலிபோன் தொழிற்சாலைக்குப் போனார்கள்.

1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். ஏப்ரல் 11-ந் தேதி போலீஸ் வந்து சோதனை போட்டது. ஜூலையில் ஆசிரியர்களே கூடி, பள்ளியைக் கலைத்துவிட்டார்கள். மொத்தம் 14 ஆண்டுதான் நடந்தது.

குரோப்பியஸ், பிராயர், ஆனி எல்லோரும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். போக முடியாதவர்களும் உண்டு.

இரண்டு பெட்டிகள்

பிரீடல் டிக்கர் என்ற யூதப் பெண், இட்டனிடம் படித்தவர். 1942-ல் நாஜிகள் அவரையும் கணவரையும் டெரசின் என்ற ஊரில் அடைத்தார்கள். கொண்டுபோக அனுமதித்த மூட்டையில் அவர் காகிதமும் வர்ணமும் எடுத்துப் போனார்.

அங்கே அடைபட்டிருந்த குழந்தைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்தார். தொட்டுப் பார், வெட்டிப் பார், ஒட்டிப் பார் என்ற அதே பாடம்தான். ஒவ்வொரு குழந்தையும் படத்தில் தன் பெயரை எழுத வேண்டும் என்றார்.

1944-ல் கணவரை வேறு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பிரீடல் தாமாகவே அடுத்த ரெயிலில் போகப் பெயர் கொடுத்தார். அந்த ரெயில் போன இடம் ஆஷ்விட்ஸ். அக்டோபர் மாதம் அங்கே கொல்லப்பட்டார். அந்த முகாமின் கட்டடங்களுக்குத் திட்டம் போட்டவர்களில் பிரிட்ஸ் எர்ட்டில் ஒருவர். அவரும் பௌஹவுசில் படித்தவர்தான்!

பிரீடலின் கணவர் பிழைத்துக்கொண்டார்.

டெரசினை விட்டுப் புறப்படுமுன் பிரீடல் இரண்டு பெட்டிகளை ஒளித்து வைத்துவிட்டுப் போனார். போர் முடிந்தபின் அவை கிடைத்தன. உள்ளே குழந்தைகள் வரைந்த சுமார் 4,500 படங்கள் இருந்தன. வீடு, பூ, பட்டாம்பூச்சி... வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் உயிரோடு திரும்பவில்லை. படங்கள் இப்போது பிராக் நகரின் யூத மியூசியத்தில் இருக்கின்றன. மூலையில் பென்சிலால் எழுதிய பெயர்களைப் படிக்க முடிகிறது.