உங்களுக்குத் தெரியுமா? தாய் எலி முதலில் தூக்குவது எந்தக் குட்டியை?

கூட்டை விட்டுப் பிரிந்து குளிரில் கிடக்கும் எலிக்குட்டி, ஏறத்தாழ 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது மனிதச் செவிக்கு எட்டாத மீயொலியில், தாயை அழைக்கிறது. பிறந்து 4 நாளே ஆன ஆண் குட்டிகள் பெண் குட்டிகளைவிட மிகுதியாகக் குரலெழுப்புவதையும், தாய் அவற்றையே முதலில் வாயில் கவ்விக் கூட்டில் சேர்ப்பதையும் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் எடுத்துக்காட்டினர். ஆண் குட்டிகளின் மூளையில், மனிதப் பேச்சுத்திறனோடும் தொடர்புடைய ஃபாக்ஸ்பி2 என்னும் புரதம் கூடுதலாக இருந்தது. அதைக் குறைத்தபோது அழைப்பில் இருந்த பால் வேறுபாடு மறைந்ததோடு, இதுவே பெரிதும் வியப்பூட்டுவது, தாய் குட்டிகளைத் தூக்கும் வரிசையும் மாறிவிட்டது. அப்புரதத்தின் அளவை ஆண்ட்ரோஜன்கள் எனப்படும் ஆண்பால் ஹார்மோன்கள் நெறிப்படுத்தக்கூடும் என்று 2014இல் வெளிவந்த ஆய்வு கருதுகிறது. அவ்வகை ஹார்மோனான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் செலுத்தப்பட்ட பெண் குட்டிகள் ஆண் குட்டிகளுக்கு நிகராகவே குரலெழுப்பின.