உளவியல் சிகிச்சைக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது? கோவா ஆய்வு காட்டும் கணக்கு

பனாஜி: மனச்சோர்வுக்கான மாத்திரைகளை அரசு மருந்தகத்தில் இருப்பு வைப்பது எளிது. நோயாளியுடன் வாரந்தோறும் அரை மணி நேரம் அமர்ந்து பேச ஒருவரை நியமித்து, பயிற்சி அளித்து, ஊதியம் தருவதுதான் பொதுச் சுகாதாரத் துறைக்குச் சவாலான செலவாக உள்ளது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு உள்ளது. பாதிப்பின் வகையைப் பொறுத்து, அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறுவதில்லை. ஒரு லட்சம் பேருக்கு 3 மனநல மருத்துவர்கள் தேவை என்ற நிலையில், நாட்டில் 0.75 பேர் மட்டுமே இருப்பதாக 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை சுட்டிக்காட்டியது.

இந்த இடைவெளியை மருத்துவர் அல்லாதோரைக் கொண்டு நிரப்ப முடியுமா என்பதைக் கோவாவில் 'சங்கத்' தொண்டு நிறுவனம் சோதித்தது. 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், தீவிர மனச்சோர்வு கொண்ட 495 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். ஆலோசகர்களாகப் பணியாற்றியவர்கள் மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாத உள்ளூர்வாசிகள். அவர்களுக்கு 3 வார வகுப்பறைப் பயிற்சியும் அதன்பின் களப்பயிற்சியும் அளிக்கப்பட்டன. சோர்வால் கைவிட்ட அன்றாடச் செயல்களை நோயாளி சிறிது சிறிதாக மீண்டும் தொடங்க உதவுவதே சிகிச்சையின் அடிப்படை. 30 முதல் 40 நிமிடங்கள் கொண்ட 6 முதல் 8 அமர்வுகள், சுகாதார நிலையத்திலோ நோயாளியின் வீட்டிலோ நடத்தப்பட்டன.

'தி லான்செட்' இதழில் 2017-ல் வெளியான முடிவுகளின்படி, 3 மாதங்களுக்குப் பின் ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் குணமடைந்திருந்தனர். மேம்படுத்தப்பட்ட வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் இது 39 சதவீதம். ஆய்வு நடந்த சூழலில், செலவுக்கு ஏற்ற பலனைத் தருவதற்கான வாய்ப்பு 87 சதவீதம் எனவும் கணக்கிடப்பட்டது.

இதை 'மலிவான சிகிச்சை' என்று சுருக்கிவிடுவது பிழையாகும். ஆலோசகரின் நேரம் மட்டும் ஒரு நோயாளிக்குச் சுமார் 3 முதல் 5 மணி நேரம். வீடு தேடிச் செல்லும் பயண நேரம் தனி. பதிவு செய்யப்பட்ட அமர்வுகளை ஆலோசகர்கள் குழுவாகக் கேட்டு மதிப்பிட்டனர், நிபுணர்களும் மேற்பார்வையிட்டனர். நிதி குறையும்போது முதலில் வெட்டப்படக்கூடியது இந்த மேற்பார்வைதான். சிகிச்சையின் தரம் தங்கியிருப்பதும் அதில்தான்.

நோயாளியின் செலவு பெரும்பாலும் அரசின் கணக்கில் வருவதே இல்லை. சிகிச்சைக்கும் அதற்கான பயணத்துக்கும் குடும்பங்கள் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவிடுவதாகத் தேசிய மனநல ஆய்வு கூறியது. தினக்கூலிக்குச் செல்பவருக்கு, ஒவ்வொரு அமர்வும் ஒரு நாள் கூலியை இழக்கச் செய்யலாம். கோவா சிறிய மாநிலம். தொலைவு மிகுந்த மாநிலங்களில் இதே கணக்கு அப்படியே பொருந்தாது.

உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 கூறுகிறது. ஆனால் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டால் மட்டுமே பணம் தரும் பாலிசிகளில், புறநோயாளியாகப் பெறும் உளவியல் ஆலோசனைக்கு இடமில்லை.

மத்திய அரசு 2023-24 பட்ஜெட்டில் மனநலத்துக்கு நேரடியாக ஒதுக்கிய சுமார் 919 கோடி ரூபாயில், 721 கோடி நிம்ஹான்ஸ் நிறுவனத்துக்கும், 134 கோடி தொலைபேசி வழி 'டெலி மானஸ்' திட்டத்துக்கும் சென்றது. 14416 என்ற எண்ணில் 2022 அக்டோபர் முதல் இயங்கும் இச்சேவை, பயணச் செலவை நீக்குகிறது. எனினும் ஒரே ஆலோசகருடன் வாரந்தோறும் தொடரும் சிகிச்சைக்கு அது ஈடாகாது.

அடுத்தகட்டமாக, மத்தியப் பிரதேசத்தில் ஆஷா பணியாளர்களுக்கு இதே சிகிச்சையை ஸ்மார்ட்போன் வழியே கற்பிக்கும் முயற்சிகள் நடந்துள்ளன. இதனால் பயிற்சிச் செலவு குறையலாம். ஆஷா பணியாளர்கள் பெரிதும் செய்யும் பணிக்கேற்ற ஊக்கத்தொகையை நம்பியிருப்பவர்கள். ஆலோசனை அமர்வுக்கு உரிய தொகை அந்தப் பட்டியலில் சேர்க்கப்படாவிட்டால், சிகிச்சையின் செலவை அவர்களே தங்கள் உழைப்பால் சுமக்க நேரிடும்.