இரண்டாவது புற்றுநோயைக் கணினி முன்பே சொல்லுமா?

புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்கள் மருத்துவரிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "திரும்ப வருமா?" இதற்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. பழைய நோயின் மிச்சம் மறுபடி தலைதூக்குவது ஒன்று. அதோடு தொடர்பில்லாத புதுப் புற்றுநோய் தோன்றுவது இன்னொன்று. இந்தப் புதிய நோயைத்தான் 'இரண்டாம் முதன்மைப் புற்றுநோய்' என்கிறார்கள்.

அதற்குக் காரணங்கள் பல. புகையிலை வாயை மட்டும் கெடுப்பதில்லை. தொண்டை, உணவுக்குழாய் வரை சவ்வைப் பழுதாக்குகிறது. ஒரு கட்டியை வெட்டியெடுத்தாலும் பக்கத்துத் திசு ஏற்கெனவே கெட்டிருக்கலாம் என்பதை 1953இலேயே ஸ்லாட்டர் என்ற மருத்துவரின் குழுவினர் எழுதினார்கள். பிஆர்சிஏ போன்ற மரபணுப் பிழைகள் வழிவழியாக வருவன. சிகிச்சையும் ஒரு காரணம்: ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்காக இளவயதில் மார்பில் 'கரண்ட்' (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்துக்கொண்ட பெண்களுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து மார்பகப் புற்றுநோய் வரும் அபாயம் கூடுகிறது. சில கீமோ மருந்துகள் சில ஆண்டுகளில் ரத்தப் புற்றுநோயைத் தூண்டக்கூடும்.

வயது, புகைப்பழக்கம், மரபணு, மருந்தின் அளவு, கதிர்வீச்சு பட்ட இடம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து எடைபோடுவது மனித மூளைக்குக் கடினம். இயந்திரக் கற்றல் உதவுவது இங்கேதான். பழைய நோயாளிகள் ஆயிரக்கணக்கானோரின் பதிவுகளிலிருந்து, எந்தச் சேர்க்கை எந்த நோயில் முடிந்தது என்பதைக் கணினி கற்றுக்கொள்கிறது. 2014இல் தானே மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர் ரெஜினா பார்ஸிலாய், பின்னர் இயந்திரக் கற்றலைப் புற்றுநோய்க் கணிப்பின் பக்கம் திருப்பினார். மேமோகிராம் படத்திலிருந்து அடுத்த ஐந்தாண்டு அபாயத்தைக் கணிக்கும் 'மிராய்' அவர் குழுவின் ஆக்கம். 2021இல் அதை அமெரிக்கா, சுவீடன், தைவான் மருத்துவமனைத் தரவுகளில் சோதித்தார்கள்.

சிக்கல் கணக்கில் இல்லை. நோயாளி எங்கே போனார் என்பதில் இருக்கிறது. பரிசோதனைக்கு வராமல் நின்றவர் குணமாகிவிட்டாரா, இறந்துவிட்டாரா, வேறு மருத்துவமனைக்குப் போனாரா? வராதவரையெல்லாம் 'நோயில்லாதவர்' என்று எழுதிக்கொண்டால் கணினி தவறான பாடம்தான் படிக்கும்.

திருமலைராயன்பட்டினத்தை எடுத்துக்கொள்வோம். ஊர் புதுச்சேரி ஆட்சியில். தெற்கே சில கிலோமீட்டரில் இருக்கும் நாகூர் தமிழ்நாட்டில். இவ்வூர்க்காரர் ஒருவர் 130 கிலோமீட்டர் தாண்டிப் புதுச்சேரி நகரின் ஜிப்மர் மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். பத்தாண்டு கழித்து வரும் புதுக்கட்டியைத் தஞ்சாவூரில் காட்டலாம். முதல் ஃபைல் ஓர் ஆட்சியில், இரண்டாவது இன்னோர் ஆட்சியில். இரண்டும் ஒரே மனிதருடையவை என்று யார் சொல்வது?

சொல்லும் வழி நமக்குத் தெரியாததல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தில் 1980களின் தொடக்கத்திலிருந்தே அடையாறு புற்றுநோய் மருத்துவமனை சென்னைக்கான பதிவேட்டை நடத்துகிறது. ஊழியர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்த் தகவல் திரட்டி, இறப்புப் பதிவுகளோடும் ஒப்பிடுகிறார்கள். இந்த உழைப்பு மாநில எல்லையையும் தாண்ட வேண்டும். 'ஆபா' எனும் 14 இலக்கத் தேசியச் சுகாதாரக் கணக்கு எண் அதற்கு உதவலாம், நோயாளியின் சம்மதத்தோடு.

அதுவரை மீண்டவர்கள் செய்யக்கூடியது உண்டு. எந்த மருந்து, எவ்வளவு, உடலின் எந்தப் பகுதியில் எத்தனை கிரே கதிர்வீச்சு என்ற விவரத்தை மருத்துவமனையில் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்தலாம். அடுத்த மருத்துவர் எந்த உறுப்பை, எந்த வயதிலிருந்து கண்காணிக்க வேண்டும் என்பதை அந்தத் தாளை வைத்தே முடிவு செய்வார். புகையிலையை விடுவதற்கோ எந்தக் கணிப்பும் வேண்டியதில்லை.