வெட்டினும் தளிர்க்கும் புற்று

முள்ளுக்குறிச்சியினின்று கொல்லிமலை ஏறுவோர் வாழைத் தோட்டங்களைக் காண்பர். தண்டை வெட்டினும், கிழங்கு நிலத்தினுள் இருப்பின் வாழை மீண்டும் தளிர்க்கும். புற்றுநோயும் பலகால் இங்ஙனமே திரும்புகின்றது. காரணம் யாதோ?

நம் உடலில் மூல உயிரணுக்கள் சில புதிய அணுக்களை ஈன்றவண்ணம் உள்ளன; ஏனையவை முதிர்ந்து தத்தம் தொழிலில் அமைகின்றன. இவ்வமைதியைக் காக்கும் மரபணுக்களுள் ஒன்று பி53. புகையிலை நஞ்சு முதலியவற்றால் அது பழுதுறின், முதிர்ந்த அணுவும் மூல அணுவின் இயல்பை எய்தக்கூடும். 2006-இல் ஜப்பானிய அறிஞர் யமனாக்கா நான்கு மரபணுக்களைப் புகுத்தி, சுண்டெலியின் முதிர்ந்த அணுக்களை மூல அணுக்களாக்கினார். பி53 நீங்கின் அம்மாற்றம் எளிதாதல் 2009-இல் புலனாயிற்று.

மருந்துக்குத் தப்பிய இத்தகைய அணுக்கள் சிலவே புற்றை மீண்டும் முளைப்பிக்க வல்லன. ஆதலின் வெற்றிலையோடு புகையிலை மெல்லுதலை விடுப்போமாக. வாயில் ஆறாத புண் காணின், கிழங்கு படருமுன் மருத்துவரை நாடுவோமாக.